கேள்வி–பதில்: பிரியும் செல்லில் ஹிஸ்டோனுக்கு என்ன வேலை?

கேள்வி: ஹிஸ்டோன் மாற்றம் என்றால் ஜீனை இயக்குவது, அடக்குவது என்றுதான் படித்தோம். செல் பிரியும்போது பெரும்பாலான ஜீன்கள் அடங்கிக் கிடக்கின்றனவே, அப்போது அதற்கு என்ன வேலை?

பதில்: முகவரி காட்டும் வேலை. 147 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ, ஹிஸ்டோன் எனும் புரதங்கள் எட்டைச் சுற்றியிருக்கிறது. ஹிஸ்டோன்களின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரிவு தொடங்கியதும் ஹாஸ்பின் என்ற நொதி எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 3ஆவது இடத்திலுள்ள திரியோனின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டுகிறது. எச்2ஏ என்ற இன்னொரு ஹிஸ்டோனின் 120ஆவது இடத்திலுள்ள திரியோனினில் பப்1 என்ற நொதி பாஸ்பேட் ஒட்டுகிறது. முதல் குறியை சர்வைவினும் இரண்டாவதை ஷுகோஷினும் என இரு புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு குறிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் உள்சென்ட்ரோமியர், அதாவது இணைக் குரோமாட்டிடுகள் சேரும் இடத்தின் நடுப்பகுதி, மட்டுமே. அரோரா பி நொதி அங்கேதான் குவிகிறது.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? இணைக் குரோமாட்டிடுகள் எதிரெதிர் துருவங்களுக்கு இழுக்கப்பட்டால், குரோமாட்டிடில் நுண்குழாய் இழைகள் பிடிக்கும் இடமான கைனெட்டோகோர்கள் அரோரா பி-யை விட்டு விலகும். நுண்குழாய்ப் பிடி உறுதியாகும். இரண்டையும் ஒரே துருவம் இழுத்தால் இழுவிசை வராது. அரோரா பி-க்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும் என்டிசி80 (நுண்குழாயைப் பிடிக்கும் கைனெட்டோகோர் புரதம்) மீது பாஸ்பேட் ஏறும், பிடி தளரும், மறுபடி முயற்சி. மோசமான பிழை வேறொன்று: ஒரே கைனெட்டோகோரை இரு துருவங்களும் பிடித்திருப்பது. பிடி காலியாக இல்லாததால் பிடி காலியாக இருந்தால் பிரிவை நிறுத்திவைக்கும் செல்லின் சோதனைச் சாவடி இதைக் கண்டுகொள்ளாது. அரோரா பி தளர்த்தாவிட்டால் அந்தக் குரோமோசோம் பின்தங்கி, நுண் உட்கருவில் (தனியாக உருவாகும் சிறு உட்கரு) சிக்கிச் சிதறவும் கூடும்.

கேள்வி: எச்3 வாலின் 10ஆவது இடத்திலுள்ள செரினில் ஏறும் பாஸ்பேட்தான் குரோமோசோமைச் சுருக்குகிறதா?

பதில்: பல நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன, நாங்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டோம். ரொட்டி ஈஸ்ட்டில் அந்த செரினை அலனினாக மாற்றினாலும் செல் பிரியத்தான் செய்கிறது. தெளிவாகத் தெரிந்த வேலை வேறு. பக்கத்து லைசின் 9-இல் மூன்று மெத்தில்கள் இருந்தால் எச்பி1 என்ற புரதம் அங்கே உட்கார்ந்திருக்கும். செரின் 10-இல் பாஸ்பேட் ஏறியதும் எச்பி1 எழுந்துவிடும், மெத்தில் அப்படியே இருக்கும். இது 2005-இல் காட்டப்பட்டது. பிரிவு முடியும் நேரம் பாஸ்பேட் கழற்றப்பட, எச்பி1 பழைய இடத்துக்கே திரும்புகிறது. அந்த மெத்திலை ஒட்டும் இரு நொதிகளும் இல்லாத எலிகளில் குரோமோசோம்கள் தவறாகப் பிரிந்தன, நிணநீர்ப் புற்றும் வந்தது.

கேள்வி: செரின் 10 பாஸ்பேட்டை ஆன்டிபாடியால் கண்டறிய வெஸ்டர்ன் பிளாட் போட்டேன், பட்டை வரவே இல்லை.

பதில்: முதலில், நுண்ணோக்கியில் தட்டைப் பாருங்கள். சாதாரண ஹீலா (மனிதப் புற்றுச் செல் வகை) தட்டில் நூற்றுக்குச் சில செல்களே பிரிவில் இருக்கும். செல்களைப் பிரிவிலேயே நிறுத்திவைக்கும் நோக்கோடசோல் மருந்தை மில்லிக்கு 100 நானோகிராம், 16 மணி நேரம் கொடுங்கள். பிரியும் செல்கள் உருண்டு தளர்ந்து மிதக்கும். வழக்கம்போல ஊடகத்தைக் கொட்டினால் தேடிய செல்களே சிங்க்கில் போய்விடும். தட்டைத் தட்டி, அந்த ஊடகத்தைச் சேகரித்துச் சுழற்றுங்கள்.

அடுத்தது பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான பாஸ்பேட்டேஸ், அதை அடக்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்து, 10 மில்லிமோலார் சோடியம் புளோரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் சேருங்கள். ஆர்த்தோவனடேட் டைரோசின் பாஸ்பேட்டேஸை அடக்குவதற்கானது, அதை மட்டும் நம்பாதீர்கள். செல் உடைக்கும் ரிப்பா கரைசலில் உடைத்துச் சுழற்றினால் ஹிஸ்டோன் பெரும்பாலும் அடிப்படிவிலேயே தங்கிவிடும். எனவே செல்களை நேராக எஸ்டிஎஸ் பஃபரில் 95 டிகிரியில் கொதிக்கவிட்டு சோனிகேட் செய்யுங்கள். ஜெல் 15 சதவீதம், சவ்வு 0.2 மைக்ரான், பட்டை 17 கிலோடால்ட்டன் அருகே. கூடவே மொத்த எச்3-க்கும் ஒரு பிளாட்.

பட்டை வந்த பிறகு இன்னொரு பொறி உண்டு. லைசின் 9 மெத்திலுக்கான சில ஆன்டிபாடிகள், பக்கத்தில் பாஸ்பேட் இருந்தால் ஒட்டாது. மெத்தில் பட்டை மங்கியதும் 'பிரிவில் மெத்தில் அழிகிறது' என்று எழுதிவிடாதீர்கள். அதே செல் மாதிரியை மறுபடி ஓட்டி, ஆன்டிபாடிக்கு முன் சவ்வில் பாஸ்பேட்டேஸ் போட்டுப் பாருங்கள், பட்டை திரும்பினால் மெத்தில் அங்கேயே இருந்திருக்கிறது.