பேர் நகி, பிழைப்பு வேறு

கேள்வி: 'நகி நோ ஒய்தோமா' என்ற ஜப்பானியத் தொடரைப் பார்த்து முடித்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் தலையாட்டியே ஓய்ந்துபோன ஒரு பெண், வேலை, காதலன், வீடு எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறாள். நானும் அதே ரகம்தான். வேலையை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அவசரப்படாதீர்கள். 2019-இல் வந்த அந்தத் தொடரை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் தடவை, 28 வயது நகி (நடிகை ஹரு குரோகி பிரமாதம்!) மெத்தையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு டோக்கியோவின் புறநகரான தச்சிகாவாவுக்குக் கிளம்பியபோது கைதட்டினேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம் இழுத்து இழுத்து நேராக்கிய சுருட்டை முடி, அவிழ்த்துவிட்ட மாதிரி பொங்கி நிற்கும்.

இரண்டாம் தடவைதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஊர் மாறியும் ஆள் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கொஞ்சம் அன்பாகப் பேசினால் போதும், அவனுக்கேற்றபடி வளைந்துவிடுகிறாள். சூழ்நிலை பார்த்து நடந்துகொள்வதை ஜப்பானியர்கள் 'காற்றைப் படிப்பது' என்பார்கள். நகி என்றாலோ காற்று அடங்கிய கடல். பேர் அப்படி, பிழைப்பு இப்படி!

அப்புறம் அவள் ஒரு சின்ன பாரில் வேலைக்குச் சேர்கிறாள். வாடிக்கையாளர்களோடு பேச்சு வளரவே மாட்டேன் என்கிறது. அங்கே நடத்துபவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்: எதிரே இருப்பவர்மேல் உனக்கு அக்கறையே இல்லை, அதனால்தான் கேட்க ஒன்றும் தோன்றவில்லை என்று. எனக்குச் சுருக்கென்றது. அடுத்தவருக்காகவே வாழ்கிறோம் என்று நம்மைப் போன்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்பதைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

என் கதையையே சொல்கிறேன். பழைய அலுவலகத்தில் ஒரு சக ஊழியரின் பிறந்தநாளுக்கு மூன்று வருடம் நான்தான் கேக் வாங்கினேன். யாரும் வாங்கச் சொல்லவில்லை. அவரும் ஒவ்வொரு வருடமும் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார். அவர் இனிப்பே தொடமாட்டார் என்று நாலாவது வருடம்தான் தெரிந்தது. அதுவும் நான் கேட்டதால்.

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்கள் வருத்தப்படுவீர்களே!" என்றார்.