தட்டில் கிளை விடும் பாக்டீரியா: கேள்வி பதில்

மண் மாதிரிகளில் இருக்கும் பாக்டீரியாவை அகர் (கடல்பாசியில் செய்யும் கூழ்) ஊற்றிய தட்டில் வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில.

பென்னாகரம், பிளஸ் டூ மாணவி: சார், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா ஒரு தட்டில் வட்டமாகவும் இன்னொன்றில் மரக்கிளை மாதிரியும் வளர்ந்திருக்கிறது. இரண்டும் வேறு பாக்டீரியாவா?

ஒன்றாகவே இருக்கலாம்மா. பாக்டீரியாவுக்குத் தீனியான பெப்டோனும், அகரும் எவ்வளவு போட்டீர்கள் என்று பாருங்கள். தீனி தாராளமாக இருந்தால் ஓரம் முழுக்கச் சேர்ந்தே பெருகும், வட்டமாக வரும். பெப்டோனை லிட்டருக்கு 1 கிராம் அளவுக்குக் குறைத்து, அகரைக் கெட்டியாக வைத்தால் கதையே வேறு. அடியில் இருந்தது தீர்ந்துவிடும்; வெளியிலிருந்து மெல்ல ஊறி வருவதுதான் சாப்பாடு. ஓரத்தில் துளி துருத்திய இடத்துக்கு முதல் பந்தி. அது இன்னும் நீளும், பக்கத்துப் பள்ளம் பட்டினி. நீண்டது கிளையாகும், கிளையிலும் இதே பந்திச் சண்டை. 1989-ல் ஜப்பானில் ஃபுஜிகாவாவும் மட்சுஷிட்டாவும் இதைக் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துப் பாருங்கள்: நடுவில் தீனி தீர்ந்துபோவதால் இரண்டும் ஒட்டாமல் இடைவெளி விட்டே நிற்கும்.

அரூர், ஆசிரியர்: வளையம் வளையமாக வருவது ஏன்?

அகர் கொஞ்சம் இளகல், தீனி நிறைய. கொஞ்ச நேரம் பரவும், நின்று பெருகும், மறுபடி பரவும். நின்ற இடமெல்லாம் வளையம்.

காவேரிப்பட்டணம், மா விவசாயி: தட்டில் வேர் மாதிரி ஒரே பக்கமாகச் சுழித்த காலனி (ஒரே இடத்தில் வளர்ந்த கூட்டம்). பூஞ்சைதானே?

நானும் அப்படி நினைத்து இரண்டு தட்டைத் தூக்கி எறிந்தவன்தான்! பேசில்லஸ் மைக்காய்ட்ஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். பெயருக்கே ‘பூஞ்சை போன்றது’ என்றுதான் பொருள். செல்கள் பிரியாமல் சங்கிலியாக நீள்வதால் வேர் மாதிரி தெரிகிறது. சில வகை இடப்பக்கம் சுழிக்கும், சில வலப்பக்கம்.

பாலக்கோடு, தக்காளி விவசாயி: கடையில் வாங்கிய சப்டிலிஸ் பவுடர் கிளை விடவில்லை. போலியாங்க?

இதை வைத்துச் சொல்ல முடியாதுங்க. வழக்கமான தட்டில் தீனி அதிகம், கிளை வராது. பவுடரைப் படிப்படியாக நீர்க்கவைத்து, முளைக்கும் காலனிகளை எண்ணினால்தான் உயிரோடு எத்தனை இருக்கிறது என்று தெரியும். அது சப்டிலிஸ்தானா என்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

ஓசூர், கல்லூரி மாணவர்: வீட்டில் கடல்பாசியில் செய்யலாமா?

உறையும், வளரவும் செய்யும். ஆனால் மண்ணில் எது முளைக்கும் என்று சொல்ல முடியாது தம்பி, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யுங்கள். மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், திறக்காதீர்கள். அப்புறம், தட்டைக் கவிழ்த்து வையுங்கள். மூடியில் வியர்த்த நீர் ஒரு சொட்டு விழுந்தாலும், நாள்கணக்கில் வளர்ந்த கிளையெல்லாம் கலைந்துவிடும்.