முதுகில் பை, பக்கத்தில் தோழி

கேள்வி: படிப்பு முடிந்த கையோடு நானும் என் தோழியும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்ப இருக்கிறோம். பாலக்காட்டில் ரயிலேறி மும்பை, ஜெய்ப்பூர், ஆக்ரா, தில்லி, வாரணாசி, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய ஏழு நகரங்களையும் 15 நாள்களில் பார்த்துத் திரும்புவது எங்கள் திட்டம். “போகும்போது தோழிகள், வரும்போது யாரோ” என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். மனக்கசப்பு இல்லாமல் போய்வர என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் மூன்று நகரங்களை அடித்துவிடுங்கள். கேரளா எக்ஸ்பிரசில் தில்லியிலிருந்து பாலக்காடு வந்துசேரவே இரண்டு இரவுகள் ஆகும் என்னும்போது, ஏழு ஊர்களையும் இணைத்தால் பாதி நாள்கள் ரயிலிலேயே கழிந்துவிடும். அந்தத் தூக்கமின்மையும் களைப்பும்தான் பெரும்பாலான சண்டைகளின் விதை. ஷொர்ணூர் சென்று கொங்கண் பாதையில் மும்பை, அங்கிருந்து இரவு ரயிலில் ஜெய்ப்பூர், பிறகு ஆக்ரா, தில்லி என்று போய்க் கேரளா எக்ஸ்பிரசில் திரும்பினால் ஓர் ஊருக்கு இரண்டு மூன்று நாள்களாவது கிடைக்கும். 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் பாதையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் அங்கு வேகத்தைக் குறைத்துத் தனிக் கால அட்டவணையில் ரயில்களை இயக்குவார்கள் என்பதால், மழை ஓய்ந்தபின் கிளம்புவது நல்லது. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமையும் தில்லிச் செங்கோட்டைக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை என்பதைப் பார்த்து நாள்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

பயணச்சீட்டை இருவருக்கும் சேர்த்து ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுங்கள். தனித்தனியாக இணையத்தில் எடுத்து, ஒருவருக்கு இடம் உறுதியாகி மற்றவர் கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால், அந்தச் சீட்டு தானாகவே ரத்தாகி ஒருவர் நடைமேடையில் நிற்க நேரிடும்; ஒரே சீட்டில் ஒருவருக்கு உறுதியாகியிருந்தாலும் இருவரும் ஏறலாம். முழுப் படுக்கை கிடைக்காமல் ஆர்.ஏ.சி. என்ற பகிர்விடம் கிடைத்தால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றில் இருவரும் எதிரெதிரே கால்நீட்டி இரவைக் கழிக்க வேண்டும். அதற்குப் பிறகும் பேசிக்கொண்டிருந்தால் உங்கள் நட்பைப் பற்றி வீட்டார் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நானும் என் நண்பர் ஒருவரும் ஆக்ராவில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். சூரிய உதயத்துக்கு முன்பே தாஜ்மகால் திறந்துவிடும் என்பதால் ஐந்து மணிக்கே நான் குளித்துத் தயாரானேன். நண்பரோ எட்டு மணிக்குப் போர்வையை விலக்கி, டீ வந்ததா என்று கேட்டார். பத்து மணி வெயிலில் வரிசையில் நின்ற பிறகு, பெரிய பைகளை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டபோது, முந்தைய நாள் ஆட்டோவுக்கு அவர் கூடுதலாகக் கொடுத்த நாற்பது ரூபாயை நான் எடுத்துப் பேசினேன். மதுரா தாண்டும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குக் காரணம் நாற்பது ரூபாய் அல்ல, யார் எத்தனை மணிக்கு எழுவார் என்பதைக் கிளம்பும் முன் பேசாமல் விட்டதுதான் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

ஆகவே விழிக்கும் நேரத்தையும் பணத்தையும் பற்றி இப்போதே கூச்சமின்றிப் பேசிவிடுங்கள். ஒருவரே எல்லா இடத்திலும் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டிக்கொண்டு, கணக்கை ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், கட்டியவருக்கு ஒவ்வொரு பைசாவும் நினைவிருக்கும், மற்றவருக்கு எதுவும் நினைவிருக்காது. காலையில் இருவரும் சமமாக ஒரு தொகையைப் பொதுப் பர்ஸில் போட்டு, அறை, ஆட்டோ, தண்ணீர் ஆகியவற்றுக்கு அதிலிருந்தே எடுங்கள்; ஜெய்ப்பூர் கடைத்தெருவில் வாங்கும் வளையலும் துப்பட்டாவும் அவரவர் சொந்தச் செலவு. ஒவ்வோர் ஊரிலும் அரைநாளாவது பிரிந்து சுற்றுங்கள். ஒருவர் அருங்காட்சியகத்தில் இருக்க, மற்றவர் சந்தையில் திரிந்துவிட்டு வந்தால் இரவில் பேசிக்கொள்ள ஏதாவது இருக்கும்.

இன்னொன்று. தமிழும் மலையாளமும் கைவசமுள்ள எல்லைக்காரர்களான நாம், வடக்கே போனால் யாருக்கும் புரியாது என்று சத்தமாகவே ஆள்களை விமர்சிப்பதுண்டு. எதிர்ப்படுக்கையில் இருப்பவர் தில்லி மருத்துவமனையில் வேலை பார்க்கும் நம்மூர் நர்ஸாக இருக்கலாம், பார்த்துப் பேசுங்கள்.

கேள்வி: முதுகுப்பை எவ்வளவு எடை இருக்கலாம்?
– ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: நிரப்பிய பையுடன் பாலக்காடு சந்திப்பின் மேம்பாலப் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் ஜீன்ஸை எடுத்து வெளியே வையுங்கள். பொருள் காப்பறையில் பூட்டாத பையை ஏற்க மாட்டார்கள் என்பதால் சிறு பூட்டு ஒன்று அவசியம். தடித்த துவாலை வேண்டாம். நம்மூர் மெல்லிய துண்டான தோர்த்து போதும், ரயில் ஜன்னல் காற்றிலேயே காய்ந்துவிடும்.