கேள்வி மேடை: எந்த லண்டன்?

கேள்வி: அக்காவின் மகள் கனடா லண்டனில் இருக்கிறாள். பொதி இங்கிலாந்துக்குப் போய்விடாமல் இருக்க முகவரியை எப்படி எழுதுவது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கனடாவின் லண்டன் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ளது. அங்கேயும் தேம்ஸ் என்று ஓர் ஆறு ஓடுகிறது! நாட்டின் பெயரைக் கடைசி வரியில், தனியாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பலரும் அதை ஊர்ப் பெயரோடு ஒட்டி எழுதிவிடுகிறார்கள்.

தபால் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். கனடா லண்டனின் குறியீடுகள் 'என்5', 'என்6' என்று தொடங்கும். இங்கிலாந்து லண்டனில் ஹைபரி 'என்5', ஹைகேட் 'என்6'. வித்தியாசம் முடிவில்தான்: கனடாக் குறியீட்டில் எழுத்தும் இலக்கமும் மாறிமாறி ஆறு வரும், கடைசி இலக்கம். பிரித்தானியக் குறியீடு இரண்டு எழுத்தில் முடியும். இலக்கம் 0-ஐ எழுத்து 'ஓ' என்று எழுதினால் குழப்பம்தான். கனடாக் குறியீட்டில் 'ஓ' வராது.

கேள்வி: விமான டிக்கெட்டிலும் இந்தச் சிக்கல் உண்டா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு. ஊர்ப் பெயரை விட்டு விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். அவுஸ்திரேலியச் சிட்னி 'எஸ்.வை.டி', கனடாச் சிட்னி 'வை.கியூ.வை'. இந்திய ஹைதராபாத் 'எச்.வை.டி', பாகிஸ்தானில் உள்ளது 'எச்.டி.டி'. நம் கட்டுநாயக்கா 'சி.எம்.பி'. பிரேசிலில் குரிச்சிபா அருகே கொழும்பு என்றே ஒரு நகர் உண்டு. அது கொலம்பஸின் பெயர், நமக்கு உறவில்லை.