கடற்கரையில் கிடைத்த பல் புதைபடிவமா? கேள்வி பதில்

கேள்வி: கரையோரம் கன்னங்கரேலென்று ஒரு முக்கோணப் பல் கிடைத்தது சார், நக அளவுதான். கருப்பாக இருந்தால் பல லட்சம் வருடப் பழசு என்கிறார்களே?

பதில்: நிறத்தை வைத்து வயது சொல்ல முடியாது. பல் எந்த வண்டலில் புதைந்து கிடந்ததோ அதிலிருக்கும் தாதுக்கள்தான் நிறம் கொடுக்கின்றன, ஒரு மண்ணில் கருப்பாகும், இன்னொன்றில் பழுப்பாகவோ சாம்பலாகவோ நின்றுவிடும். முதலில் வடிவத்தைப் பாருங்கள். மேல்பகுதி வழவழவென்று பளபளத்து, அடியில் வேர் மங்கலாகச் சொரசொரவென்று இருந்தால் அநேகமாகச் சுறாப்பல். சுறாவின் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு, பெரும்பாலும் மட்கிப் போய்விடும். பற்களோ ஆயுள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும், ஒரே சுறா ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். கரையில் இவை அடிக்கடி கிடைப்பது அதனால்தான். வேர் இன்னும் வெள்ளையாக இருந்தால் சமீபத்தில் உதிர்ந்ததாக இருக்கலாம்; வேருக்குள்ளும் நிறம் ஊறிக் கனமாக இருந்தால் புதைபடிவம் என்று சந்தேகப்படலாம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இவற்றை ‘நாக்குக் கற்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1666இல் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் உடற்கூறியலாளர் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்து, நாக்குக் கற்களும் சுறாப்பற்களும் ஒன்றே என்று மறுவருடம் எழுதினார். அவரும் வடிவத்தை ஒப்பிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தார்.

கேள்வி: என்னுடையது 5 செ.மீ. இருக்கிறது அண்ணா. அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடனுடையதுதானே?

பதில்: ஆசை புரிகிறது தம்பி, ஆனால் பெரிய வெள்ளைச்சுறாவின் பல்லும் அந்த அளவுக்கு வரும். ஓரத்தை லென்ஸில் பாருங்கள். மெகலோடனுக்கு ரம்ப ஓரம் மிக நுணுக்கமாக, சீராக இருக்கும், வெள்ளைச்சுறாவுக்குக் கரடுமுரடாக இருக்கும். அப்புறம் மெகலோடன் பல்லில் வேருக்கும் பளபளப்பான பகுதிக்கும் நடுவே தனியாக ஒரு பட்டை ஓடும், வெள்ளைச்சுறாவில் அது கிடையாது. அலையில் உருண்டு ஓரம் மழுங்கி, பட்டையும் உதிர்ந்திருந்தால் ‘பெரிய சுறா’ என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. மெகலோடன் அழிந்து சுமார் 36 லட்சம் வருடம் ஆகிறது, அதன் பெரிய பற்கள் 17, 18 செ.மீ. வரை போகும்.

கேள்வி: சூடான ஊசியால் குத்திப் பார்த்தால் தெரியுமாமே?

பதில்: புதிய பல்லில் கொலாஜன் என்ற புரதம் இருப்பதால் முடி கருகும் வாடை வரும், அவ்வளவுதான் அந்தச் சோதனை. பனியுகப் பல்லிலும் கொலாஜன் மிச்சமிருக்கலாம், ஆக வாடை வந்தாலும் பழசில்லை என்று சொல்லிவிட முடியாது. பல்லில் ஓட்டை விழுவது மட்டும் நிச்சயம். செய்யாதீர்கள்.

கேள்வி: கட்டையாக, நீளமாக, வரிவரியாக ஒரு கடைவாய்ப் பல். மாமூத்தா?

பதில்: மெல்லும் பரப்பைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பட்டைப் பட்டையாகத் தகடுகள் வரிசையாக நின்றால் யானைக் குடும்பம், அழிந்துபோன யானை இனமான மாமூத்தும் அதில் அடக்கம். பிறை வடிவங்கள் தெரிந்தால் மாடு மாதிரி அசைபோடும் விலங்கு, எனாமல் சிக்கலாக மடிந்து மடிந்து கிடந்தால் குதிரை. மாமூத் என்று என்னிடம் வந்ததில் மாடும் குதிரையும்தான் அதிகம்! அவை பனியுகத்தவையாகவும் இருக்கலாம், நூறு வருடத்துக்கு முன் செத்த மாடாகவும் இருக்கலாம். கார்பன் காலக்கணிப்பு சுமார் 50,000 வருடம் வரைதான் உதவும், அதுவும் கொலாஜன் மிஞ்சியிருந்தால்.

கேள்வி: துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரான ஒன்று. முதலைப் பல்லா?

பதில்: உடைந்த பக்கத்தில் நடுவிலிருந்து சுற்றிலும் கதிர்கதிராகக் கோடுகள் ஓடினால் அது பல்லே இல்லை, பெலெம்னைட். கணவாயின் தூரத்து உறவு, அதன் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி அது. அதுவும் புதைபடிவம்தான், ஏமாற்றம் வேண்டாம்.

கேள்வி: வினிகரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா சார்?

பதில்: ஐயோ, வேண்டாம். பல் கால்சியம் பாஸ்பேட், அமிலம் அரித்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, சில நாட்களுக்குத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். உள்ளே உப்பு தங்கினால் காயும்போது படிகமாகி வெடிக்க வைக்கும். பிறகு நிழலில் மெதுவாகக் காயவையுங்கள்.

கேள்வி: படம் அனுப்பினால் சொல்வீர்களா?

பதில்: சொல்கிறேன், ஆனால் ஒரே ஒரு மங்கலான படம் போதாது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும், வேரும், மெல்லும் பரப்பும் தெரிய எடுங்கள். எந்த இடத்தில் கிடந்தது, அருகே பாறைச்சரிவு உண்டா என்பதையும் எழுதுங்கள். சரிவிலுள்ள பாறையின் வயது தெரிந்தால் பல்லின் வயதை ஓரளவு நெருங்கிவிடலாம். அதற்காகச் சரிவுக்குக் கீழே போய்த் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள், தலையில் கல் விழும்.