தோட்டத்துக்குக் காசு கேட்க முதல் ஒரு கொப்பி வாங்குங்கள்

கேள்வி: ஊரில் 14 பேர் சேர்ந்து சனசமூக நிலையக் காணியில் அரை ஏக்கர் மரக்கறித் தோட்டம் செய்கிறோம். யாருக்கும் சம்பளம் இல்லை. குளத்தடியிலும் மரம் வைக்க விருப்பம். சிறு மானியம் கிடைக்கும் என்கிறார்கள், ஆனால் நாங்கள் பதிவு செய்த சங்கம் இல்லை. யாரிடம், எப்படிக் கேட்பது? (ஒட்டுசுட்டான் பக்கத்து வாசகி ஒருவர்)

பதில்: பதிவுக்காகப் புதுச் சங்கம் தொடங்க வேண்டாம். ஊருக்கு ஊர் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய சங்கங்கள் போதுமான அளவு இருக்கின்றன. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றில் ஒன்று பதிவோடும் வங்கிக் கணக்கோடும் உங்கள் ஊரிலேயே இருக்கும். அதன் உபகுழுவாகச் சேருங்கள். தோட்டக் காசுக்குத் தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, செலவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்ற தீர்மானம், மூன்றும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். என்னைக் கேட்டால் மாதர் சங்கத்தையே சொல்வேன். பற்றுச்சீட்டுகள் ஒழுங்காகக் கோத்து வைத்திருப்பதை நான் அதிகம் கண்டது அங்கேதான்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் நடத்தும் உலகச் சுற்றாடல் வசதியம் (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992இல் தொடங்கியது, இலங்கைக்கு 1994இல் வந்தது. ஒரு திட்டத்துக்கு 50,000 டொலர் என்பது நெடுங்காலம் இருந்த உச்ச வரம்பு, கொடுப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆனால் மரக்கறித் தோட்டம் என்று மட்டும் எழுதினால் அங்கே எடுபடாது. உயிர்ப்பல்வகைமை, காலநிலை, மண் சீரழிவு என்பவைதான் அவர்களின் அக்கறை. உங்கள் கடிதத்தில் தோட்டம் முன்னுக்கும் குளம் பின்னுக்கும் நிற்கிறது, விண்ணப்பத்தில் அதை மாற்றிப் போடுங்கள். ஒரு குளத்துத் தண்ணீர் அடுத்த குளத்துக்குள் இறங்கும் உலர்வலயத்தின் தொடர்குளக் கிராம முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுரிமையாக அங்கீகரித்தது. உங்கள் குளமும் அப்படியொரு தொடரில் உள்ளதா என்று வயதானவர்களிடம் கேட்டு, எந்தக் குளத்துத் தண்ணீர் எதற்குள் இறங்குகிறது என்று ஒரு படம் கீறி இணையுங்கள்.

தேவை ஒன்றிரண்டு இலட்சம்தான் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ விரைவாகத் தரும். ஒரே சிக்கல், அவர்களுக்குத் திறப்பு விழாப் படம் வேண்டும், உங்களுக்குத் தண்ணீர்த் தாங்கி வேண்டும். அதை முதலிலேயே பேசித் தீருங்கள்.

குளத்தடியில் மண்வெட்டி போட முதல் அனுமதி வேண்டும். 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையம், பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். குளக்கட்டில் மட்டும் மரம் வைக்காதீர்கள். வேர் கட்டைப் பிளக்கும், வேர் உக்கிய துவாரத்தால் தண்ணீர் கசியும். நீர் ஏறி வரும் மேற்பக்கத்து ஓரத்தில் மருது, நாவல், புங்கை வையுங்கள், காற்றையும் மறிக்கும், வண்டலையும் மறிக்கும். காட்டோரம் என்றால் கண்ணிவெடி அகற்றிய நிலமா என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி அந்தக் கொப்பி. மானியம் தருபவர் "உங்கள் பங்களிப்பு என்ன?" என்று கட்டாயம் கேட்பார். "எங்களிடம் ஒன்றுமில்லை" என்று எழுதிய விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது உண்மையே இல்லை. 14 பேர், சனிக்கிழமை 3 மணி நேரம், 12 கிழமை. மொத்தம் 504 மணி, அதாவது 8 மணி வேலைநாள் கணக்கில் 63 ஆள்நாள். ஊரில் ஓடும் நாட்கூலியால் பெருக்கிப் பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். சிரமதானத்துக்கு வந்தவர் பெயர், நேரம், செய்த வேலை, கையெழுத்து எல்லாம் அன்றன்றே எழுதப்பட வேண்டும். இரவல் வாங்கிய உழவு இயந்திரம், தேநீர் தந்த வீடு, சாணம் தந்த பட்டி, எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு ஒரே பேனையால் இருந்து நிரப்பிய கொப்பியைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

காசை எதற்குக் கேட்பது? கன்றுக்குக் கேட்காதீர்கள். கார்த்திகை மரநடுகைக் காலத்தில் கன்று எப்படியும் கிடைக்கும், வேப்பங்கன்று வேலியோரத்திலேயே முளைக்கும். உங்கள் கையால் செய்ய முடியாதவற்றுக்குக் கேளுங்கள்: கிணறு ஆழமாக்க, மோட்டர், தாங்கி, குழாய், வேலி. வேலி இல்லாத தோட்டம் கட்டாக்காலி மாடுகளுக்கு வைத்த விருந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று கடை விலைமனு இணையுங்கள்.

காசு ஆவணிக்குள் கைக்கு வருமாறு விண்ணப்பியுங்கள். வேலியும் தண்ணீரும் முதலில், ஐப்பசி மழை இறங்கியதும் நடுகை. பங்குனியில் காசு வந்தது என்பதற்காகச் சித்திரையில் நட்டால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், நட்ட மரத்துக்கு முதற் கோடையில் தண்ணீர் ஊற்றுபவர்களின் பட்டியலைக் கிழமைக்கு இரண்டு பேராக வையுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா, ஊரில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். அந்தக் கிழமைகளுக்கும் இரண்டு பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.