காலை எட்டு மணிக்கு பீரோ முன்னால்

குறைந்த செலவில் பாங்காக உடுத்துவது பற்றி, நேரமே இல்லாத அம்மாக்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு, பல ஆண்டுகளாகத் தையல் வகுப்பு நடத்திவரும் எங்கள் ஆசிரியை இங்கே பதில் தருகிறார்.

கேள்வி: நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். எனக்கென்று துணிமணிக்கு மாதம் 700 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. பீரோவில் விசேஷப் புடவைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, எட்டு மணிக்கு பீரோவைத் திறந்தால் வெளுத்த லெகிங்ஸும் பஞ்சு திரண்டுபோன குர்த்தியும்தான் கைக்கு வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆண்டில் பத்து நாள் உடுத்துவதற்கு இருபது புடவைகளும், இருநூற்றெண்பது நாள் உடுத்துவதற்கு நான்கைந்து குர்த்திகளும் வைத்திருக்கிறீர்கள். இது உங்கள் ஒருவரின் தவறு அல்ல. நம் வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, தீபாவளி என்றால் தயங்காமல் செலவழிக்கும் கை, தினசரி உடுப்பு என்றதும் சுருங்கிவிடுகிறது. 3,000 ரூபாய்ப் புடவையை நான்கு முறை மட்டுமே உடுத்தினால் ஒரு முறைக்கு 750 ரூபாய் ஆகிறது. 600 ரூபாய்க் குர்த்தியை வாரம் ஒரு முறை என ஓராண்டு அணிந்தால் ஒரு முறைக்கு 12 ரூபாய்கூட ஆகாது. ஆகவே விலை அதிகமா குறைவா என்று பார்ப்பதைவிட, எத்தனை நாள் உடம்பில் இருக்கப்போகிறது என்று பாருங்கள்.

மாதம் 700 என்பது ஆண்டுக்கு 8,400 ரூபாய். அதை நான் செலவழிப்பதாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: 600 ரூபாயில் ஐந்து குர்த்திகளுக்கு 3,000, நல்ல கெட்டித் துணியில் மூன்று கால்சட்டைகளுக்கு 1,050, பல புடவைகளுக்குப் பொருந்தும் மூன்று பிளவுஸ்களுக்குத் துணியும் கூலியுமாக 1,950, சரியான அளவில் உள்ளாடைகளுக்கு 1,100, பின்வார் வைத்த ஒரு கறுப்புச் செருப்புக்கு 700, மீதி 600 ரூபாய் தெருமுனைத் தையல்காரருக்கு. இந்தக் கடைசி 600 ரூபாய்தான் மற்ற எல்லாச் செலவையும் எடுப்பாகக் காட்டும். ஆயத்த ஆடைகள் யாரோ ஒருவரின் அளவுக்கு வெட்டப்பட்டவை; தோள் இரண்டு விரல் இறங்கி, இடுப்பு தொளதொளவென்று நிற்கும் குர்த்தி இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இரவல் துணி போலத்தான் தெரியும். பக்கவாட்டில் பிடித்து, கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, நீளத்தை உங்கள் உயரத்துக்கு மடித்து அடித்தால் அதே துணி உங்களுக்கென்றே தைத்ததாகிவிடும். ரேயான் குர்த்தியாக இருந்தால் மட்டும் முதலில் ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகே தையலுக்குக் கொடுங்கள்; அது முதல் தண்ணீரிலேயே சுருங்கும்.

நிறத்தில் சற்றுக் கண்டிப்பு வேண்டும். கால்சட்டைகள் கறுப்பு, கருநீலம், சந்தன நிறம் என்று மூன்று மட்டும் போதும். அந்த மூன்றோடும் சேராத குர்த்தியை, எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள். ஐந்து குர்த்திகளும் மூன்று கால்சட்டைகளும் ஒன்றோடொன்று சேருமானால் பதினைந்து விதமாக உடுத்தலாம். சேராவிட்டால் ஐந்து விதம்தான். லெகிங்ஸ் வாங்கும்போது உள்ளே கையை விட்டு, முட்டியை மடக்கித் துணியை இழுத்துப் பாருங்கள். விரல் முட்டிகளின் நிறம் வெளியே தெரிந்தால் அந்தத் துணி நான்கு மாதம் தாங்காது, குனியும்போதும் சங்கடப்படுத்தும். துவைத்ததும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயவைத்தால், கறுப்பு சாம்பலாவது வெகுவாகக் குறையும்.

பிளவுஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இதுதான். 500 ரூபாய்க்கு ஒரு பூனம் புடவை மலிவாகக் கிடைத்தது என்று வாங்குவார்கள். அதற்கு லைனிங் வைத்துப் பிளவுஸ் தைத்து, ஃபால்ஸ் அடித்து, ஓரம் பிக்கோ போடுவதற்குள் புடவை விலையைத் தாண்டிச் செலவாகிவிடும். கறுப்பு, அரக்கு, பழைய தங்க நிறம் என மூன்று பிளவுஸ்களை நன்றாகத் தைத்துக்கொண்டால், பீரோவில் இருக்கும் இருபது புடவைகளில் பாதிக்கு மேல் அவை பொருந்தும். அவற்றில் இலேசான புடவைகளை வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்கே உடுத்திச் செல்லுங்கள். விசேஷத்துக்கு என்று பூட்டிவைத்த பட்டுப்புடவைகூட, மடிப்பு மாற்றாமல் வருடக்கணக்கில் கிடந்தால் மடித்த கோட்டிலேயே இற்றுப்போகும். இனி உடுத்தப்போவதே இல்லை என்று தெரிந்த புடவையைப் பாத்திரக்காரருக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணத்துக்காகக் கொடுக்காதீர்கள். ஐந்தரை மீட்டர் துணியில் உங்களுக்கு ஒரு நீள குர்த்தியும் மகள் இருந்தால் அவளுக்கு ஒரு பாவாடையும் வரும்.

கடைசியாக, எட்டு மணிக்கு பீரோவைத் திறந்து யோசிக்காதீர்கள். ஞாயிறு இரவு, மறுநாள் சட்னிக்குத் தேங்காய் துருவி வைப்பதுபோல, ஐந்து நாளைக்கான குர்த்தி, கால்சட்டை, துப்பட்டா, அதற்கான பின் எல்லாவற்றையும் ஒரு நாளைக்கு ஒரு ஹேங்கர் என்று மாட்டி வைத்துவிடுங்கள். அயர்ன் வண்டிக்காரரிடம் சனிக்கிழமையே கொடுத்தால்தான் இது நடக்கும். கொடுக்க முடியாத வாரங்களுக்கென்று கசங்காத கிரேப் அல்லது ஜார்ஜெட் குர்த்திகள் இரண்டு இருக்கட்டும். அவை கோடையில் வேர்க்கும் என்பதால் ஐந்தையும் அதிலேயே வாங்கிவிடக் கூடாது.

கேள்வி: எனக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பழைய பிளவுஸ்கள், சுடிதார்கள் எதுவும் உடம்பில் ஏறவில்லை. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வசதி இல்லை. நைட்டியிலிருந்து வெளியே வருவதே பெரிய காரியமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கோவை

பதில்: உடம்பு இன்னும் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. இப்போதைய அளவுக்குப் பத்துத் துணி தைத்தால், ஆண்டு முடிவதற்குள் அவையும் பொருந்தாமல் போகலாம். ஆகவே இப்போதைக்கு நான்கைந்து உடைகளோடு ஒப்பேற்றுவதே புத்திசாலித்தனம்.

முதலில் பழைய பிளவுஸ் ஒன்றை உள்பக்கம் திருப்பி, அக்குளுக்குக் கீழே பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல தையல்காரர் அங்கே ஓர் அங்குலமாவது துணி விட்டிருப்பார். சிலர் இரண்டு மூன்று வரிசை தையலே போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் பிரித்தால், முன்துணியும் பின்துணியும் சேர்ந்து பக்கத்துக்கு ஓர் அங்குலம், மொத்தத்தில் இரண்டு அங்குலம் கிடைக்கும். கைத் தையலையும் அதே அளவு பிரிக்க வேண்டும். அதை மறந்தால் மார்பு சரியாகி, கை மட்டும் இறுக்கும். உள்ளே துணியே விடாமல் தைத்த பிளவுஸாக இருந்தால் அக்குளில் ஒட்டுத்துண்டு ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். புடவைத் தலைப்புக்குள் அது யார் கண்ணுக்கும் படாது. பிரித்த இடத்தில் வெளுக்காத துணி ஒரு கோடாகத் தெரியத்தான் செய்யும். நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டே நடந்தால் ஒழிய அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பால் கொடுப்பதற்கென்று தனியாக விற்கும் குர்த்திகள் விலை கூடுதல். முன்பக்கம் பொத்தான் வைத்த சாதாரணச் சட்டை மாதிரிக் குர்த்தி அதே வேலையைச் செய்யும். பால் மறந்த பிறகும் அணியலாம். மார்புக்கு மேலாகச் செங்குத்தாகத் தையல் இறங்கும் குர்த்தி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அந்தத் தையலைப் பிரித்து பக்கத்துக்கு ஒரு மறைவு ஜிப் வைத்துத் தரச் சொல்லலாம். பால் கசிவு வெளிர்நிறத் துணியில் உடனே தெரியும். சிறு பூக்கள் நெருக்கமாக அச்சிட்ட அடர்நிறத் துணியில் தெரியாது. அலுவலகப் பையில் ஒரு துப்பட்டா எப்போதும் இருக்கட்டும்.

நைட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வேன் நிற்கும் முனை வரை போய் வராத அம்மா நம் ஊரில் உண்டா என்ன? அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஆடித் தள்ளுபடியிலும் திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளிலும் வாங்கினால் உண்மையிலேயே மிச்சம் பிடிக்க முடியுமா? சென்ற முறை நான்கு டி-ஷர்ட்டுகள் வாங்கி, நான்கும் இரண்டாவது துவைப்பில் கோணிக்கொண்டன.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பிடிக்கலாம், பட்டியலோடு போனால். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் வியாபாரம் மந்தமாக இருக்கும். தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் பழைய இருப்பைத் தள்ளிவிடக் கடைக்காரர்கள் பார்ப்பார்கள். அதனால் தினசரி உடுக்கும் பருத்தி குர்த்தி, உள்பாவாடை, துண்டு, போர்வை போன்றவற்றுக்கு அது நல்ல மாதம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பலகைக்குக் கீழே நிற்கும்போது, அந்த ஒன்றே உங்களுக்குத் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைத்தறிப் புடவையில் விருப்பம் இருந்தால் கோ-ஆப்டெக்ஸின் பண்டிகைக் காலத் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். 1935இல் தொடங்கிய அந்த நெசவாளர் கூட்டுறவில் பண்டிகைக்கு 30 சதவீதம் வரை குறைத்து விற்பது வழக்கம், அங்கே வாங்கும் நெகமம், கோவைப் பருத்திப் புடவைகளை வருடக்கணக்கில் உடுத்தலாம்.

திருப்பூர் காதர்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் சர்ப்ளஸ் சரக்கில் இரண்டு வகை உண்டு: ஆர்டருக்கு மேல் அதிகமாகத் தைத்தவை, குறை கண்டு கழித்துவிட்டவை. இரண்டும் ஒரே குவியலில்தான் கிடக்கும். உங்கள் டி-ஷர்ட்டுகள் கோணியதற்குக் காரணம், பின்னல் துணியின் இழை முறுக்கு சரியாக நிலைப்படுத்தப்படாததுதான். அதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சட்டையை இரு தோள்களிலும் பிடித்துத் தொங்கவிட்டு, பக்கத் தையல் அக்குளிலிருந்து நேராகக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்; வயிற்றுப் பக்கமாக வளைந்து வந்தால் துவைத்தபின் இன்னும் வளையும். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊசி ஓட்டைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஓர் ஓட்டை இரண்டு துவைப்பில் விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாகும். லேபிளில் உள்ள அளவை நம்ப வேண்டாம், அது வேறு நாட்டு உடம்புக்குப் போட்டது. வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைப் பையில் எடுத்துப்போய் அதன்மேல் வைத்துப் பார்ப்பதுதான் சரியான அளவு.

கேள்வி: கொஞ்சம் பளிச்சென்று உடுத்தினால், ‘பிள்ளை பெற்ற பிறகும் உனக்கு என்ன ஸ்டைல்’ என்று மாமியார் சொல்கிறார். செலவு அதிகம் என்ற பேச்சும் வருகிறது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: செலவு என்ற பேச்சுக்குக் கணக்கு நோட்டைக் காட்டுங்கள். ஸ்டைல் என்ற பேச்சுக்கு நான் தரக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: அவரிடமே, அவர் அந்தக் காலத்தில் உடுத்திய சுங்குடிப் புடவை ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், அது எந்த வருடம் எந்தக் கடையில் எடுத்தது என்பதோடு கதை வரும். அந்தப் புடவையைக் கறுப்புப் பிளவுஸோடு ஒரு நாள் நீங்கள் உடுத்துங்கள். அதற்குப் பிறகும் பேச்சு நிற்கவில்லை என்றால், அது உடுப்பைப் பற்றிய பேச்சு அல்ல. தையல் ஆசிரியையால் அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: புதிதாக எடுத்த சந்தன நிறக் குர்த்தியில், மகனுக்குச் சாம்பார் சாதம் ஊட்டும்போது மஞ்சள் கறை பட்டுவிட்டது. சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறிவிட்டது. துணி வீணாகிவிட்டதா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: வீணாகவில்லை. மஞ்சள் காரத்தன்மையோடு சேர்ந்தால் சிவக்கும். சோப்பு காரம் என்பதால் அப்படி ஆனது. குங்குமம் செய்வதும் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே முறையில்தான். நன்றாக அலசினால் சிவப்பு போய் மீண்டும் மஞ்சள் தெரியும். அந்த மஞ்சள் வெயிலைத் தாங்காது. சோப்புப் போட்டு அலசிய ஈரத்துணியைக் கறை பட்ட பக்கம் மேலே இருக்கும்படி உச்சி வெயிலில் போடுங்கள்; ஒரே நாளில் பெரும்பகுதி மங்கிவிடும், மீதிக்கு மறுநாளும் நனைத்துப் போடலாம். சாம்பாரில் எண்ணெயும் இருப்பதால், வெயிலில் போடுமுன் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுக் கறையை மெதுவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். குர்த்தியின் நிறமும் வெளுத்துவிடாமல் இருக்க, கறை உள்ள இடம் மட்டும் தெரியும்படி மற்ற பகுதியை ஒரு பழைய துண்டால் மூடி வையுங்கள். அடுத்த முறை ஊட்டும்போது, உங்கள் கணவரின் பழைய சட்டை ஒன்றைப் பின்பக்கம் பொத்தான் வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.